"திரும்பிடுவோம்" என்று சொல்லப் பழகுங்கள்: கேன்யனிங் பயணத்துக்கு முன் ஒரு பாடம்



பள்ளி விடுமுறையோ பல்கலைக்கழக விடுமுறையோ வந்தால் போதும், நம் கிளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் "இந்தத் தடவை எங்க போறோம்?" என்ற கேள்வி வந்துவிடும். முன்பெல்லாம் பத்து பெரிங்கி கடற்கரை, பினாங்கு மலை என்று முடிந்துவிடும். இப்போது பலர் கேட்பது கேன்யனிங். எங்கள் லிட்டில் இந்தியா குழுவும் அதைத்தான் கேட்டது. லெபோ குவீன் மாரியம்மன் கோயிலில் ஞாயிறு காலை தரிசனம் முடிந்து, லெபோ பாசார் பக்கம் டீ குடித்துக்கொண்டே நான்கு வாரம் பேசினோம், கணக்குப் போட்டோம், பழகினோம். நான் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். நீரியல் பாடம் படிக்கிறவன் என்பதால் தண்ணீரைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த நான்கு வாரப் பாடத்தைத்தான் இங்கே தருகிறேன். உங்கள் கிளையில் இரண்டு மூன்று கூட்டங்களாகப் பிரித்து நடத்தலாம்.

1. கேன்யனிங் என்றால் என்ன?

மலையிலிருந்து இறங்கும் ஓடையின் வழியாகவே நாமும் இறங்குவதுதான் கேன்யனிங். சில இடத்தில் நடக்கணும், சில இடத்தில் நீந்தணும், வழுக்குப் பாறையில் சறுக்கணும், நீர்வீழ்ச்சி வந்தால் கயிற்றில் இறங்கணும். நம் பினாங்குக்காரர்கள் அதிகம் போவது பேராக்கின் கோப்பெங் பக்கம். ஈப்போவுக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சிறு ஊரைச் சுற்றி ஆற்றுப் படகுச் சவாரி, குகைப் பயணம், நீர்வீழ்ச்சியில் கயிற்றில் இறங்குதல் எல்லாம் நடக்கிறது.

மலையேறுவதற்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மலையேறும்போது களைப்பு வந்தால் வந்த வழியே திரும்பலாம். கேன்யனிங்கில் முதல் நீர்வீழ்ச்சியில் இறங்கி, கயிற்றையும் உருவிக்கொண்டால் பெரும்பாலும் வந்த வழி இல்லை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர், முன்னால் தண்ணீர், பின்னால் ஏற முடியாத வீழ்ச்சி. அடுத்த வெளியேறும் இடம் வரும்வரை போய்த்தான் ஆகணும்.

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். திரும்பும் முடிவை ஓடைக்குள் நின்று எடுப்பது கடினம். அதை முன்கூட்டியே, ஊரில், டீக்கடையில் உட்கார்ந்து பேசி வைத்திருக்கணும்.

2. தண்ணீரின் கணக்கு

"தொடை அளவு தண்ணிதானே, என்ன ஆயிடும்?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. பலகையில் கணக்குப் போட்டோம்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓடும் தண்ணீர் நம்மைத் தள்ளும் விசை, வேகத்தின் இருமடியைப் பொறுத்து ஏறும். அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்கு. தொடை அளவு நீரில் நிற்கும் ஒருவரின் கால்கள் நீரோட்டத்துக்குக் காட்டும் பரப்பு 0.3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

விநாடிக்கு 1 மீட்டர், அதாவது நாம் நடக்கும் வேகத்தில் தண்ணீர் ஓடினால், சுமார் 15 கிலோ எடை நம் காலைத் தள்ளுவது போல இருக்கும். சமாளிக்கலாம். விநாடிக்கு 2 மீட்டர் என்றால் சுமார் 60 கிலோ. பெரும்பாலோர் விழுந்துவிடுவோம். விநாடிக்கு 3 மீட்டர் என்றால் சுமார் 135 கிலோ. அந்த 3 மீட்டர் வேகம் ஒருவர் மெதுவாக ஓடும் வேகம்தான். பார்க்க ஒன்றும் பயமாகவே இருக்காது.

இரண்டாவது கணக்கு மழைக்கு. ஓடைக்குத் தண்ணீர் தரும் மலைப் பரப்பு 5 சதுர கிலோமீட்டர். மேலே ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் மழை. நம் ஊர் இடிமழைக்கு இது அசாதாரணம் இல்லை. விழுந்த தண்ணீர் 2 லட்சம் கன மீட்டர், அதாவது 2 லட்சம் டன். மண் ஏற்கெனவே ஊறிப்போய், அதில் பாதி ஒரு மணி நேரத்துக்குள் ஓடைக்கு வந்தால், விநாடிக்குச் சுமார் 28 டன் தண்ணீர். காலையில் முழங்கால் அளவு ஓடிய குறுகலான பாறை இடுக்கு வழியாக அது வரணும்.

இதைத்தான் மலாய் மொழியில் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள், தண்ணீரின் தலை என்று பொருள். இதில் கொடுமை என்னவென்றால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். மழை பெய்வது மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத உச்சியில்.

அதன் அறிகுறிகளை எல்லோரும் மனப்பாடம் செய்யணும். தெளிவான தண்ணீர் திடீரென்று கலங்கிச் சிவக்கும். இலை, சுள்ளி, மரத்துண்டு மிதந்து வரும். நீர்மட்டம் சட்டென்று ஏறும், சில நேரம் மேலே அடைப்பு விழுந்ததால் சட்டென்று குறையும். தூரத்தில் லாரி வருவது போல உறுமல் கேட்கும். இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்காதீர்கள், போனைத் தேடாதீர்கள். ஓடையின் போக்கில் கீழே ஓடாதீர்கள், தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில், உயரமான இடத்துக்கு ஏறுங்கள். கைடு கையைக் காட்டும் திசையில் ஏறுங்கள்.

3. இரண்டு ஓடைகள், இரண்டு நாட்கள்

முதல் ஓடை சுவிட்சர்லாந்தில், இண்டர்லாகன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் சாக்ஸெட்டன் ஓடை. 1999 ஜூலை 27. பல நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் கைடுகளோடு கேன்யனிங் இறங்கினார்கள். மலைக்கு மேலே இடிமழை. ஓடையில் வெள்ளம் சுவர் போல வந்தது. 21 பேர் இறந்தார்கள். அதில் 18 பேர் பயணிகள், 3 பேர் கைடுகள். 2001 டிசம்பரில் நீதிமன்றம், பயணத்தை நடத்திய நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் 6 பேரை, கவனக்குறைவால் உயிரிழப்புக்குக் காரணமானவர்கள் என்று தீர்ப்பளித்தது. பிறகு கேன்யனிங் போன்ற பயணங்களை நடத்துவோர் அனுமதி பெற வேண்டும் என்ற சட்டம் அந்த நாட்டில் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

"கைடு இருந்தா போதும்" என்று நினைப்பவர்கள் அந்த 3 என்ற எண்ணைப் பார்க்கணும். கைடும் நம்மைப் போல உடம்பு உள்ளவர்தான். கைடு நம்மைக் காப்பாற்றுவது பெரும்பாலும் வெள்ளம் வந்த பிறகு அல்ல. வெள்ளம் வரக்கூடிய நாளில் "வேண்டாம்" என்று சொல்லித்தான் காப்பாற்றுகிறார். அந்த ஒரு சொல்லைச் சொல்லும் தைரியம் அவருக்கும், அதைக் கேட்கும் பணிவு நமக்கும் வேணும்.

இரண்டாவது ஓடை நம் கண்ணெதிரே இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் பினாங்கிலிருந்து வடக்கே பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும், உயரம் 1,217 மீட்டர். அதன் அடிவாரம் தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம் முன்னோர் கடாரம் என்று சொன்ன பூமி. மெர்போக்கில் உள்ள சண்டி புக்கிட் பத்து பாஹாட் என்ற பழைய கோயிலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மலை ஓடைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதே மலையில், 2021 ஆகஸ்ட் 18 அன்று, உச்சியில் கொட்டிய மழை நிலச்சரிவாகி, மண்ணும் மரமும் பாறையும் சேர்ந்த வெள்ளமாக யான் மாவட்டத்தில் இறங்கியது. தித்தி ஹாயுன் போன்ற குளிக்கும் இடங்கள் சிதைந்தன. 6 பேர் உயிரிழந்தார்கள்.

கெப்பாலா ஆயர் வெளிநாட்டுக் கதை இல்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகும் ஓடையின் கதை.

4. எந்த மாதம், எந்த நேரம்?

நம் வடமேற்குக் கரையில், பினாங்கு, கெடா, வட பேராக் பக்கம், செப்டம்பரும் அக்டோபரும் அதிக மழை மாதங்கள். நவம்பரிலும் ஆபத்து உண்டு. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் அடித்த புயல்மழையில் 7 பேர் இறந்ததை நம் வீடுகளில் யாரும் மறக்கவில்லை. ஆனால் நமக்குக் கூட்டாக விடுமுறை கிடைப்பது எப்போது? தீபாவளியை ஒட்டித்தானே! எல்லோரும் ஊருக்கு வந்திருப்பார்கள், எல்லோருக்கும் ஆசை, மேலே மேகம் கூடியிருக்கும் காலமும் அதுவே. தீபாவளி விடுமுறையில் ஓடைப் பயணம் வேண்டாம் என்பது எங்கள் குழுவின் முதல் முடிவு.

தைப்பூசத்தை ஒட்டிய ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நம் பக்கம் பொதுவாக மழை குறைந்தவை. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். எந்த மாதமானாலும் காலையில் சீக்கிரம் இறங்கி, மதியத்துக்குள் வெளியேறிவிடும் திட்டம்தான் நல்லது.

பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே வானிலை இலாகாவின் மைசுவாச்சா செயலியைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் இன்ஃபோ பஞ்சிர் பக்கத்தில் மழை அளவும் ஆற்று மட்டமும் போடுகிறார்கள். ஊரின் வானிலை மட்டும் போதாது, மலை உச்சியின் வானிலையையும் கேளுங்கள்.

5. யாரோடு போவது? கைடிடம் கேட்க வேண்டியவை

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நூறு ரிங்கிட் சேலை எடுக்கப் போனாலும் லெபோ பாசாரில் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்போம். உயிரை ஒப்படைக்கும் இடத்தில் மட்டும் "அண்ணன் நண்பருக்குத் தெரிஞ்சவராம்" என்று விட்டுவிடுவோம். கைடிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல கைடு கேள்வி கேட்கும் குழுவைத்தான் விரும்புவார். எங்கள் பட்டியல் இது:

- பயணம் நடத்தும் நிறுவனத்துக்கு உரிமம் இருக்கிறதா? 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றதா?
- அந்த இடம் நிரந்தரக் காப்புக் காடாக இருந்தால் மாநில வன இலாகாவின் பெர்மிட் எடுத்தாயிற்றா? எங்கள் எல்லோர் பெயரும் அதில் இருக்கிறதா?
- கயிற்று வேலையிலும் ஓடும் நீரில் மீட்பதிலும் கைடு எங்கே பயிற்சி பெற்றார்? முதலுதவிச் சான்றிதழ் எப்போது புதுப்பித்தது?
- ஒரு கைடுக்கு எத்தனை பேர்? கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு கைடு வருவாரா?
- இந்த ஓடையில் கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? நடுவில் வெளியேறும் இடங்கள் எத்தனை?
- போன் கிடைக்காத இடத்தில் விபத்து நடந்தால் செய்தி எப்படி வெளியே போகும்?
- மழையால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி தருவீர்களா?

கடைசிக் கேள்வி பணக் கேள்வி போலத் தெரியும். உண்மையில் அது உயிர்க் கேள்வி. கட்டிய பணம் போய்விடும் என்றால் எல்லோரும் "லேசான மழைதானே, போயிடலாம்" என்பார்கள். பணம் போகாது என்று தெரிந்தால் மனசு நேராக யோசிக்கும்.

உரிமம் என்பது வெறும் காகிதம் இல்லை என்பதை நம் நாடு பெரிய விலை கொடுத்துப் படித்தது. 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த முகாம் தளம் உரிமம் இல்லாமல் நடந்தது பிறகுதான் வெளியே தெரிந்தது. பெர்மிட் எடுத்துப் போனால் குறைந்தது யார், எத்தனை பேர், எந்த வழியில் போனார்கள் என்று ஒரு அலுவலகத்துக்குத் தெரியும். தேட வருகிறவர்களுக்கு முதல் தகவல் அதுதான்.

6. நம் உடம்பைப் பற்றிய உண்மை

இரண்டாம் வாரக் கூட்டத்தில் எங்களை வழிநடத்தும் அக்கா ஒரு காரியம் செய்தார். "யாருக்கு நீச்சல் தெரியும், கையைத் தூக்குங்க" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கொரு தாள் கொடுத்தார். வீட்டில் எழுதி, மடித்து, அவரிடம் மட்டும் கொடுக்கணும். நீச்சல், ஆஸ்துமா, வலிப்பு, இருதயம், சர்க்கரை, பழைய எலும்பு முறிவு, தினமும் சாப்பிடும் மருந்து, உயர பயம். பெண் பிள்ளைகள் மாதவிலக்கு தேதி பற்றி அக்காவிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது.

வந்த தாள்களில் ஒன்றில் ஒரு தம்பி, தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டு, "குளத்துல ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன், நீச்சல் தெரியாது" என்று எழுதியிருந்தான். கூட்டத்தில் அவன்தான் அதிகமாகக் குதிக்கப் போவதாகப் பேசினவன். பிறகு அவனே இதை எல்லோருக்கும் சொல்லச் சொன்னதால்தான் இங்கே எழுதுகிறேன். அக்கா அவனை ஒதுக்கவில்லை. கைடிடம் சொன்னார். மூன்று வாரம் நகராட்சி நீச்சல் குளத்தில் மிதக்கப் பழகினான். லைஃப் ஜாக்கெட்டோடு வரலாம், குதிக்கும் இடங்களில் பக்கத்துப் பாதையில் இறங்கிவிடலாம் என்று கைடு ஒத்துக்கொண்டார்.

நினைத்துப் பாருங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த உண்மை எங்கே வெளிவந்திருக்கும்? நீர்வீழ்ச்சியின் உச்சியில், பின்னால் பத்துப் பேர் காத்துக்கொண்டிருக்கும்போது. நம் இளைஞர்கள் பலர் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை, சிரிப்புக்குத்தான் பயப்படுகிறார்கள்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சனிக்கிழமை விரதம், சஷ்டி விரதம் இருப்பவர்கள் நம்மில் உண்டு. வெறும் வயிற்றோடு ஐந்து மணி நேரம் ஓடையில் இருக்கக் கூடாது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும். நம் நாட்டு வெயிலிலும் நீர்வீழ்ச்சிக்கு அடியில் அரை மணி நின்றால் உதடு நீலமாகி, கை நடுங்கும். நடுங்கும் கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது. விரத நாளைத் தவிர்த்துத் தேதி வையுங்கள். மரக்கறி உணவு வேண்டுமென்றால் முன்பே சொல்லுங்கள், அல்லது இட்லியோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போங்கள்.

7. உடை, நகை, தலைமுடி

ஹெல்மெட், இடுப்புப் பட்டை, லைஃப் ஜாக்கெட் ஆகியவற்றைக் கைடு தருவார். போட்டுவிட்டு நீங்களும் இழுத்துப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவரும் இழுத்துப் பார்க்கட்டும். தையல் பிரிந்திருந்தால், ஹெல்மெட்டில் விரிசல் இருந்தால் மாற்றிக் கேளுங்கள்.

பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் கனக்கும், காயாது. விளையாட்டு உடை நல்லது. செருப்பு கூடவே கூடாது. காலை இறுக்கிப் பிடிக்கும், அடிப்பாகம் வழுக்காத காலணி வேணும்.

நகையைக் கழற்றி வீட்டில் வையுங்கள். மோதிரம் பாறை இடுக்கில் மாட்டி உடம்பு கீழே போனால் விரலின் சதையே கழன்றுவிடும். வேல் போட்ட கழுத்துச் சங்கிலி, கைக்காப்பு, வளையல், தொங்கும் தோடு எல்லாம் அப்படியே. கோயிலில் கட்டிய மெல்லிய நூல் கயிறு இருக்கட்டும், இழுத்தால் அறுந்துவிடும். நீளமான சடை இன்னும் ஆபத்து. கயிற்றில் இறங்கும்போது கயிறு ஓடும் இரும்புக் கருவிக்குள் முடி சிக்கினால் நடுவானில் தொங்க வேண்டியதுதான். சடையைச் சுருட்டிக் கட்டி, சட்டைக்குள்ளோ ஹெல்மெட்டுக்குள்ளோ விடுங்கள். ஆண் பிள்ளைகளின் நீளமுடிக்கும் இதே சட்டம்.

8. கயிறும் ஓடும் நீரும்

கயிற்றைத் தெரியாமல் தொடாதீர்கள். 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங் பக்கம் ஒரு ஈயக்குட்டையில் சிறுவனைத் தேடப் போன பொம்பா நீர் மீட்புப் படையினர் 6 பேர் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள். ஒரே கயிற்றில் இணைந்திருந்தார்கள். பலத்த நீர்ச்சுழலில் எல்லோரும் சேர்ந்து இழுபட்டார்கள். ஓடும் நீரில் ஒரு கயிறு உயிரைக் காக்கும், அதே கயிறு உயிரை எடுக்கவும் செய்யும். அதனால் கைடு சொல்லாமல் எதையும் உடம்பில் கட்டக் கூடாது, எந்தக் கொக்கியையும் கழற்றக் கூடாது.

அருவிக்கு அடியில் தண்ணீர் சோடா போல வெள்ளையாக நுரைத்துக் கிடக்கும். அதில் காற்று அதிகம், நம்மை மிதக்கவைக்கும் சக்தி குறைவு. நீந்தத் தெரிந்தவரும் அங்கே மூழ்குவார். தண்ணீர் அடித்துக்கொண்டு போனால் எழுந்து நிற்க முயலாதீர்கள், கால் பாறைக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். மல்லாந்து படுத்து, காலை முன்னால் நீட்டி, பாதத்தை மேலே தூக்கி, ஓரமாக நீந்துங்கள். இரைச்சலில் குரல் கேட்காது. விசிலுக்கும் கைச் சைகைக்கும் என்ன அர்த்தம் என்று கைடு சொல்வதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிய பிறகுதான் இறங்கணும். கயிற்றில் தொங்கிக்கொண்டு டிக்டாக் எடுப்பது முழுத் தடை.

9. வீடு திரும்பிய பிறகு

பயணம் கார் ஏறியதும் முடிவதில்லை. 2000-ஆம் ஆண்டு சபாவில் நடந்த இக்கோ சேலஞ்ச் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்திய பலருக்கு, ஊர் திரும்பிய பிறகு எலிச்சிறுநீர் நோய் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் வந்தது. 2010-இல் பகாங் மாரானில் லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் ஒருவரைத் தேடப் போனவர்களிடையே இந்த நோயும் மண்ணிலிருந்து தொற்றும் மெலியோய்டோசிஸும் பரவி 8 பேர் இறந்தார்கள். திறந்த காயத்தோடு ஓடையில் இறங்காதீர்கள், ஓடைத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். போய் வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் "டாக்டர், நான் ஆற்றில் இறங்கினேன்" என்று நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மருந்தோடு திரும்பி வருவீர்கள்.

10. ஓடைக்கு மரியாதை

நாம் விளையாடப் போகும் ஓடை யாரோ குடிக்கும் தண்ணீர். கோப்பெங்கின் உலு கெரோ பக்கம் செமாய் ஓராங் அஸ்லி மக்கள் வாழ்கிறார்கள். அது அவர்கள் வீட்டு வாசல். சத்தம் போட்டுப் பாட்டு வைப்பது, கேட்காமல் போட்டோ எடுப்பது, சோப்பு போட்டுக் குளிப்பது வேண்டாம். நம் தண்ணீர்மலை முருகன் கோயில் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. பக்கத்துத் தாவரவியல் பூங்காவின் அருவிதான் ஜார்ஜ்டவுனுக்கு ஆதியில் குடிநீர் தந்தது. தண்ணீரைச் சாமியாகக் கும்பிடும் நாம் பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு வந்தால் அந்தக் கும்பிடுக்கு அர்த்தம் இல்லை.

11. "போதும்" என்று சொல்லும் பயிற்சி

மூன்றாம் வாரம் பெற்றோர்களை அழைத்தோம். ஒரு அம்மா கடைசி வரிசையில் இருந்து எழுந்து கேட்டார்: "எல்லாம் சரிப்பா. பாதியில என் பையன் பயந்துட்டான்னா, சிரிக்காம கூட்டிட்டு வருவீங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. உரிமம், கயிறு, வானிலை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தோம். இதற்குப் பதில் எங்களிடம்தான் இருந்தது, கைடிடம் இல்லை.

அன்றைக்கு மூன்று விதிகள் எழுதினோம். ஒன்று, யார் "போதும்" என்றாலும், குழுவில் சின்னவர் என்றாலும், காரணம் கேட்காமல் நிற்கணும். அவர் அடுத்த வெளியேறும் இடத்தில் ஒரு துணையோடு வெளியேறுவார். இரண்டு, கைடு "இல்லை" என்றால் பேரம் கிடையாது. மூன்று, திரும்பியவரைப் பற்றிக் கேலி, மீம், வாட்ஸ்அப் ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

இதை நடித்தும் பார்த்தோம். ஒருவர் பயந்தவராக, நால்வர் "அட வா லா, ஒண்ணும் ஆகாது" என்று வற்புறுத்துபவர்களாக. முதலில் சிரிப்பாக இருந்தது. ஐந்து பேர் முன்னால் "எனக்கு வேணாம்" என்று சத்தமாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று போகப் போகப் புரிந்தது.

காவடி எடுப்பவர்களைப் பார்த்தவர்கள் நாம். வாரக்கணக்கில் விரதம் இருந்து உடம்பையும் மனசையும் தயார் செய்கிறார்கள். அன்றைக்குப் பக்கத்திலேயே ஒரு பெரியவர் நடந்து வருவார். அவர் "நில்லுப்பா, தண்ணி குடி" என்றால் எவ்வளவு பலசாலியும் நிற்பார். யாரும் அவரைப் பயந்தவர் என்று சொல்வதில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மலை ஓடைக்கும் கொண்டுபோவோம் என்பதுதான் நான் கேட்பது.

எங்கள் முதல் தேதி ஏப்ரலில். அன்று காலை 6 மணிக்குக் கைடு போன் செய்தார். "நேத்து ராத்திரி மேல நல்ல மழை, தண்ணி நிறம் மாறியிருக்கு, இன்னிக்கு வேணாம்." எல்லோருக்கும் வருத்தம்தான், ஆனால் ஒருவரும் வாதாடவில்லை. மாற்றுத் திட்டம் தயாராக இருந்தது. பத்து காஜா போய் கெல்லிஸ் கோட்டையையும், அங்கே வேலை செய்த தமிழர்களுக்காக எழும்பிய மாரியம்மன் கோயிலையும் பார்த்து வந்தோம். மாற்றுத் திட்டம் இருந்தால் ரத்து செய்வது சுலபம். எந்தக் கிளையும் இதை மறக்க வேண்டாம். ஜூன் மாதம் ஓடையில் இறங்கினோம். மூன்றாம் வீழ்ச்சிக்கு முன்னால் ஒரு தங்கை "போதும்" என்றாள். ஒரு அக்காவும் இரண்டாம் கைடும் அவளோடு பக்கவழியில் வெளியேறினார்கள். மதியச் சாப்பாட்டில் எல்லோரும் சேர்ந்தே உட்கார்ந்தோம். அந்த அம்மாவின் பையன் கடைசி வரை வந்தான்.

கிளையில் கலந்துரையாட

1. உங்கள் கிளையின் அடுத்த பயணத்தில் "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? அது எழுத்தில் இருக்கிறதா?
2. உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் குளிக்கும் ஓடைக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது? வரைபடத்தில் அதன் பரப்பைத் தோராயமாக அளந்து, 40 மில்லிமீட்டர் மழைக்குக் கணக்குப் போடுங்கள்.
3. பயந்த ஒருவரைப் பார்த்து நம் குழு கடைசியாக எப்போது சிரித்தது? அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வந்தாரா?

வீட்டுப் பயிற்சி: பயணத் திட்டத்தை ஒரே தாளில் எழுதுங்கள். போகும் இடம், பெயர்கள், கைடின் எண், தண்ணீரை விட்டு வெளியே வரும் நேரம். வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, "இந்த நேரம் தாண்டி இரண்டு மணி நேரமாகியும் நான் கூப்பிடலன்னா முதல்ல கைடு நம்பர், அப்புறம் 999" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.